கடற்காற்றும் காரின் கீறலும்

அந்தமானின் தலைநகரில் மரைன் ஹில் என்பது மேடும் சரிவும் நிறைந்த பகுதி. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அந்நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. இங்கே கடல் எந்த வீட்டிற்கும் தொலைவில் இல்லை. இத்தகைய சரிவில் பின்னோக்கி நகரும் ஒரு கார், மதிற்சுவரின் மூலையில் உரசிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பரில் விரல் நீளத்திற்கு ஒரு கீறல். அதன் அருகே உடற்பகுதித் தகட்டில் மற்றொன்று. வண்டி ஓடுவதற்கு இடையூறு ஒன்றுமில்லை. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெருங்கேடு விளையாது. மரைன் ஹில்லில் அவ்வாறு விடலாமா?

இவ்வினாவிற்கு விடை கீறலின் நீளத்தில் இல்லை. அது எவ்வளவு ஆழம் சென்று எந்தப் பொருளைத் தொட்டிருக்கிறது என்பதிலேயே இருக்கிறது. பம்பரின் கீறல் பொறுத்திருக்கலாம். தகட்டின் கீறல் ஒரு வாரங்கூடப் பொறுக்காது. இதன் காரணத்தை அறிந்தவர் பொருளையும் பணத்தையும் மிச்சப்படுத்துவர். தீவிற்கு உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் கப்பலேறி வரவேண்டியவை. சென்னைக்கும் இத்துறைமுகத்திற்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது.

பம்பர் எதனால் ஆனது?

ஒரு காலத்தில் பம்பர் என்றால் எஃகு என்பதே பொருள். 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரின் பழைய மாதிரிகளில், குரோமியம் பூசிய எஃகுப் பம்பர் கண்ணாடிபோல் மின்னியதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். இன்றைய கார்களில் நாம் காணும் பம்பரின் மேலுறை பெரும்பாலும் பாலிபுரோபிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. ரப்பர் போன்ற பொருளைக் கலந்து அதற்கு வளையும் தன்மை ஊட்டப்படுகிறது. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. ஆயினும் அதைத் தாங்கும் பட்டைகளும் மரைகளும் உள்ளிருக்கும் குறுக்குச் சட்டமும் பெரும்பாலும் உலோகமே. மேலே சிறு கீறலாகத் தோன்றும் இடத்தின் பின்னே தாங்கியின் வர்ணம் பெயர்ந்திருக்கக்கூடும். ஆகவே குனிந்து உட்புறத்தையும் பார்த்தல் முதற்கடமை.

உப்பு செய்யும் வேலை

மழைக்காலத்தில் சமையலறைச் சாடியில் உப்பு கசிந்து நீர் விடுவதை அறியாதவர் இல்லை. சோடியம் குளோரைடு என்னும் சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசிய உப்புகள் இதனினும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். அந்தமானில் ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. காற்றின் ஈரம் பெரும்பாலான நாட்களில் 75 சதவீதத்திற்கு மேலேயே நிற்கிறது. எனவே இங்கே தகட்டின்மேல் படிந்த உப்பு காய்வதே அரிது. மழை பெய்யாத இரவிலும், கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்ப் படலம் ஒன்று காரைப் போர்த்தியிருக்கிறது.

இரும்பு துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுக் கரைகிறது. மற்றோரிடத்தில் ஆக்ஸிஜனும் நீரும் அவ்வெலக்ட்ரான்களை ஏற்கின்றன. உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் இந்நிகழ்ச்சி விரைகிறது. உண்டாகும் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கீறலின் ஓரத்து வர்ணம் உப்பி எழும்புகிறது. அதனடியில் உப்பு நீர் மேலும் புகுகிறது. வெளியே நூலளவு கீறல், உள்ளே ரூபாய் நாணய அளவு துரு என்னும் நிலை இப்படித்தான் வருகிறது.

டில்லியிலுள்ள இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாகப் பெருமளவு துருப்பிடியாமல் நிற்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைப்பர். அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பது அதற்கு முக்கிய காரணம். டில்லியின் வறண்ட காற்றும் துணைநிற்கிறது. அந்த வறட்சியைத் தீவில் எதிர்பார்க்க இயலாது.

கடற்காற்றின் கொடுமையை அளந்தறியும் பணியில் நம் நாட்டில் முன்னின்றது காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்டது அந்நிலையம். இராமேசுவரம் தீவிற்கு எதிரே மண்டபம் முகாமில் அதன் கள நிலையம், உலோகத் தகடுகளையும் வர்ணம் பூசிய தகடுகளையும் திறந்த காற்றில் நெடுநாள் வைத்து ஆராய்ந்தது. கரையிலிருந்து உள்நாடு செல்லச் செல்லக் காற்றிலுள்ள உப்பு விரைவாகக் குறைகிறது. முதல் சில நூறு மீட்டர்களே மிகக் கடுமையானவை.

துத்தநாகமும் குரோமியமும்

இன்றைய கார்கள் பலவற்றில் எஃகுத் தகட்டின்மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரைவது. கீறல் இரும்பைத் தொட்டாலும் அருகிலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். கப்பலின் அடிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதும் இத்தத்துவத்தாலேயே; 1824இல் ஹம்ப்ரி டேவி வெளியிட்ட கருத்து இது. பழைய பம்பரின் குரோமியப் பூச்சோ இதற்கு நேர்மாறானது. குரோமியம் அரை மைக்ரான் தடிப்புகூட இருப்பதில்லை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனடியில் நிக்கல் இருக்கிறது. நிக்கல் தான் கரையாமல் இரும்பைக் கரைய வைக்கும். ஆதலால் பளபளக்கும் பம்பரில் ஊசித்துளை விழுந்தால், துரு அத்துளையிலேயே ஆழமாகக் குடையும்.

கீறலின் ஆழம் அறிதல்

காரின்மேல் உள்ள எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். தலைமயிர் இரண்டின் தடிப்பு. மேலே நிறமற்ற தெளிபூச்சு, அதனடியில் நிறப்பூச்சு, அதன் கீழே பிரைமர். கீறிய இடத்தை நல்ல நீரால் கழுவிவிட்டு, ஈரமாக இருக்கையில் பார்க்கவேண்டும். ஈரத்தில் கீறல் மறைந்து, உலர்ந்ததும் தோன்றினால் அது தெளிபூச்சைக் கடக்கவில்லை. மறையாமல் இருந்து, நகத்தால் தடவும்போது நகம் தட்டினால் ஆழமானது. பள்ளத்தில் வேறு நிறமோ கருமையான பிளாஸ்டிக்கோ வெள்ளை உலோகமோ தெரிவதைக் குறித்துக்கொள்க. சில வேளைகளில் நாம் கீறல் என்று எண்ணுவது சுவரின் வர்ணம் ஒட்டியதாகவே இருக்கும்.

செப்பனிடும் முறை

எவ்வகைக் கீறலாயினும் முதல் மருந்து நல்ல நீரே. உப்பைக் கழுவாமல் பூசும் வர்ணம், உப்பை உள்ளே வைத்துத் தைத்த காயத்திற்கு ஒப்பாகும். சோப்பு நீராலும் பின்னர் நல்ல நீராலும் கழுவி உலர்த்துக.

தெளிபூச்சோடு நின்ற கீறலை, தேய்ப்புப் பசையை மென்துணியில் தொட்டுத் தேய்த்தே போக்கலாம். பொறுமை தேவை; மிகத் தேய்த்தால் தெளிபூச்சே போய்விடும்.

பிளாஸ்டிக் வரை சென்ற கீறலில் ஓரங்களை நீர் தொட்டு உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துக்கொள்ளவேண்டும். பள்ளம் இருந்தால், தகட்டிற்கு உரிய சாதாரணப் பட்டி உதவாது. பம்பர் வளையும்போது அது வெடித்துவிடும். பிளாஸ்டிக்கிற்கென விற்கப்படும், வளையக்கூடிய பட்டியே ஏற்றது. பாலிபுரோபிலீன்மீது எண்ணெய்த் தாளின்மேல் நீர் போல வர்ணம் ஒட்டாமல் விலகும். ஆகவே ஒட்டுதல் தரும் தனிப் பூச்சை முதலில் இட்டு, அதன்மேல் பிரைமர், நிறம், தெளிபூச்சு என மெல்லிய படலங்களாகப் பூசவேண்டும். பலர் பூசிய பம்பர் ஆறே மாதத்தில் ஏடு ஏடாக உரிவதற்கு இந்த ஒரு பூச்சை விட்டதே காரணம்.

இரும்பு தெரியும் கீறலை அன்றே கவனிக்கவேண்டும். துரு முழுவதும் நீங்கித் தகடு பளிச்சிடும்வரை தேய்த்து, மீண்டும் நல்ல நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, சில மணி நேரத்திற்குள் எபாக்சி பிரைமரோ துத்தநாகம் மிகுந்த பிரைமரோ பூசுக. நிறம் பொருந்துவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அழகு காத்திருக்கும், துரு காத்திராது.

வர்ணம் பூச ஏற்ற நேரமும் உண்டு. காற்றின் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டியபோது பூசலாகாது. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்கவேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத நீர் தகட்டில் படிந்து, பூச்சு வெளிறும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட நாட்களின் முற்பகலே இதற்கு உகந்தது. அதுவரை பிரைமர் காவல் நிற்கும்.

எச்சரிக்கை

பட்டறைகளில் பயன்படும் இருகலவைத் தெளிபூச்சில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் புகைத்திவலை தீராத ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. மூக்கில் கட்டிய துணி அதைத் தடுக்காது. தக்க சுவாசக் கவசம் இல்லாதவர் அதைத் தெளித்தல் ஆகாது. பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பவும் கூடாது.

வகுப்பறையில்

நான்கு கண்ணாடிக் குவளைகளில் உப்பு நீர் ஊற்றுக. முதலாவதில் வெறும் இரும்பாணி. இரண்டாவதில் செப்புக் கம்பி சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகப் பட்டை சுற்றிய ஆணி. நான்காவதில் வர்ணம் பூசி ஓரிடத்தில் கீறிய ஆணி. சில நாட்களில், செப்பு சுற்றியது மிகுதியாகத் துருப்பிடித்திருப்பதையும், துத்தநாகம் சுற்றியது தப்பியிருப்பதையும் மாணவர் காண்பர். நான்காவது ஆணியில் துரு எங்கே தொடங்குகிறது என்று அவர்களே எழுதட்டும்.

களப் பணியாளர் தம் ஜீப்பை வாரம் ஒரு முறையேனும் நல்ல நீரால், சக்கர வளைவுகளின் உட்புறமும் சேர்த்துக் கழுவுவாராயின், இங்கே சொன்ன வேலைகளில் பாதி தேவைப்படாது. கழுவும்போதே கீறல்களும் கண்ணில் படும். கண்ணில் பட்ட கீறலுக்கு வேண்டியவை ஒரு துண்டு உப்புத்தாளும் சிறு டப்பா பிரைமரும்தான். படாத கீறலுக்கோ புதிய தகடு கப்பலில் வந்து சேரவேண்டும்.