அபாய மணி அடிக்காத சுரப்பி

பத்தாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் முடிந்ததும் ஒரு வினா கேட்பது என் வழக்கம். ஒரு காட்டு விலங்கை வலைபோட்டுப் பிடிக்கிறோம். அதன் இரத்தத்தில் கார்டிசால் கூடவில்லை. அது எப்படி இருக்கிறது? "பயப்படவில்லை", "பழகிவிட்டது" என்றே பெரும்பாலும் விடை வரும். மன அழுத்தம் கெட்டது; ஆகவே அழுத்த ஹார்மோன் குறைந்தால் நல்லது என்பது பிள்ளைகளின் கணக்கு. பெரியவர்கள் பலரின் கணக்கும் அதுதான். இது எங்கே தப்பாகிறது என்று காட்ட மெக்சிகோ வளைகுடாவின் டால்பின்களையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

2010 ஏப்ரல் 20 அன்று அங்கே டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. தொழிலாளர்கள் 11 பேர் இறந்தனர். கடலடிக் கிணற்றிலிருந்து 87 நாள்கள் கச்சா எண்ணெய் கொட்டியது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள பரடேரியா விரிகுடாவில் எண்ணெய் மிகுதியாகப் படிந்தது. 2011 ஆகஸ்டில் ஆய்வாளர்கள் அங்கு 32 டால்பின்களைப் பிடித்துப் பரிசோதித்துவிட்டு மீண்டும் கடலில் விட்டனர். ஒப்பிடுவதற்காக, அந்த எண்ணெய் எட்டாத புளோரிடாவின் சரசோட்டா விரிகுடா டால்பின்களையும் பரிசோதித்தனர்.

பரடேரியா டால்பின்கள் பலவற்றுக்கு எடை குறைந்திருந்தது. கடும் நுரையீரல் நோய் இருந்தது. எண்ணெய் ஆவியைச் சுவாசித்த விலங்குகளிடம் இது வியப்பில்லை. வியப்பு தந்தது கார்டிசால்தான். வலையில் சிக்கி மனிதர் பிடியில் கிடக்கும் விலங்குக்கு அது ஏறியிருக்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு ஏறவில்லை. அல்டோஸ்டீரோனும் குறைவாக இருந்தது. இந்த இரண்டும் அட்ரினல் கார்டெக்ஸில் சுரப்பவை. இரண்டும் சேர்ந்து குறைந்தால், விலங்கு அமைதியாக இருக்கிறது என்று பொருளல்ல. சுரக்கும் இடமே பழுதாகியிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும்.

பாடத்தில் அட்ரினலின் என்றவுடன் மாணவர்கள் துள்ளி எழுவார்கள். கார்டெக்ஸ் பகுதியை நாம் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம் என்பது என் கருத்து. ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். ஹார்மோனை அனுப்ப, கார்டெக்ஸ் சில நிமிடங்களில் கார்டிசாலைக் கூட்டுகிறது. அது குளுக்கோஸைத் திரட்டுகிறது, இரத்த அழுத்தத்தைத் தாங்குகிறது, அழற்சி எல்லை மீறாமல் காக்கிறது. அல்டோஸ்டீரோன் உடலின் உப்பைக் காக்கிறது. இவை இல்லாத விலங்கைக் கொல்லப் பெரிய ஆபத்து தேவையில்லை. ஒரு குளிர்காலம் போதும், ஒரு சாதாரணத் தொற்று போதும்.

கரையொதுங்கிய டால்பின்களின் உடல்களை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவு இதை உறுதிப்படுத்தியது. லூசியானா, மிசிசிப்பி, அலபாமா கரைகளில் இறந்து கிடந்தவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் கார்டெக்ஸ் மெலிந்திருந்தது; பரடேரியாவில் மட்டும் பார்த்தால் பாதிக்கு. எண்ணெய் படாத ஒப்பீட்டுக் குழுவில் அது சுமார் 7 விழுக்காடுதான். காசநோய், பூஞ்சைத் தொற்று போன்றவையும் இப்படி அட்ரினலைச் சிதைக்கக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, இல்லை என்று கண்ட பிறகே ஆய்வாளர்கள் எண்ணெயைக் காரணமாகச் சொன்னார்கள். அறிவியல் முறை பற்றிய பாடத்துக்கும் இது உதவும்.

நச்சு ஏன் இந்தச் சிறு சுரப்பியைத் தேடிப் போகிறது? அதன் எடைக்கு அங்கே பாயும் இரத்தம் மிக அதிகம். ஸ்டீராய்டு ஹார்மோன் செய்யக் கொழுப்புப்பொருள் அங்கே குவிந்திருக்கிறது. கொழுப்பில் கரையும் வேதிப்பொருள்களும் அதில் தங்கிவிடுகின்றன. மூன்றாவது காரணம்தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. ஹார்மோன் செய்வதற்கென்று உள்ள நொதிகளே சில வேதிப்பொருள்களை மேலும் கொடிய நச்சாக மாற்றிவிடுகின்றன. டி.டி.டி. மருந்தின் நெருங்கிய உறவான ஒரு பூச்சிக்கொல்லியை நாய்களுக்குக் கொடுத்தபோது அவற்றின் அட்ரினல் கார்டெக்ஸ் சிதைந்ததை 1949இல் கண்டறிந்தார்கள். அந்த வேதிப்பொருளின் ஒரு வடிவமே இன்று மைட்டோடேன் என்ற பெயரில் அட்ரினல் புற்றுநோய்க்கு மருந்து.

டால்பின்களுக்கு முன்பே மீன்களிடம் இது தெரியவந்தது. மீன்களுக்குத் தனி அட்ரினல் சுரப்பி கிடையாது. சிறுநீரகத்தின் முன்பகுதியில் உள்ள செல்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பாதரசமும் தொழிற்சாலைக் கழிவுகளும் கலந்த இடங்களில் வாழ்ந்த பெர்ச், பைக் மீன்கள், பிடிபட்டபோது கார்டிசாலை உயர்த்த இயலாமல் இருந்ததை 1992இல் வெளியான ஆய்வு காட்டியது. (எல்லா நச்சும் கார்டெக்ஸை மெலியச் செய்யும் என்றும் சொல்லிவிடக் கூடாது. பால்டிக் கடலின் சீல்களில் அது பெருத்துப்போயிருந்தது.)

வகுப்பில் இதற்கு ஒரு வரைபடம் போதும். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் கார்டிசால். நலமான விலங்கின் கோடு ஏறி, பிறகு இறங்கும். நச்சுண்ட விலங்கின் கோடு தரையோடு கிடக்கும். பிடித்த கணத்தில் எடுத்த ஒரே ஓர் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

2011இல் பரிசோதித்த பரடேரியா டால்பின்களில் 10 சினையாக இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றைத் தொடர்ந்து கவனித்தனர். குட்டி பிழைத்தது இரண்டுக்கு மட்டுமே.