லண்டன் கட்டிலுக்கு ஒரு கரூர் கொசுவலை

"லண்டன்ல கொசுவா?" என்று நீங்கள் சிரிக்கலாம். ஊரிலிருந்து வந்த புதிதில் நானும் சிரித்தவன்தான்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. கொஞ்சமும் காற்றில்லை. கிழக்கு லண்டனில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் ஏசி கிடையாது. இந்த ஊரில் எத்தனை வீட்டில்தான் இருக்கிறது? எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுவிட்டுப் படுத்தோம். இங்கே ஜன்னல் வெளிப்பக்கமாகத் திறக்கும். வலையும் இருக்காது, கம்பியும் இருக்காது. விடிந்ததும் ஏழு வயது மகள் எழுந்து வந்தாள். இடது இமை வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. கையில் நாலு தடிப்பு, கழுத்தில் மூன்று.

எனக்கும் மனைவிக்கும் அடிவயிறு கலங்கிவிட்டது. ஒரு கொசுக்கடிக்கா இவ்வளவு பயம் என்று தோன்றும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

விசிட்டர் விசாவில் ஆறு மாசம் வந்திருந்த அம்மா மட்டும் பதறவில்லை. பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு நீலக் கொசுவலையை எடுத்தாங்க.

"எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சேன் கண்ணு. நீங்க சிரிப்பீங்கன்னுதான் வெளிய எடுக்கல."

வலை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. சொந்த ஊர் கரூர். கரூர் என்றால் பஸ் பாடி, பெட்ஷீட், கொசுவலை. ஊரில் பிளாஸ்டிக் நூலில் வலை நெய்கிற தறிகள் ஏராளம். நெய்த வலையை வீட்டுக்கு வாங்கி வந்து, விளிம்புக்கு நாடா வைத்துத் தைத்து, மூலைக்கு மூலை காது வைத்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. என் இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸில் ஒரு பங்கு அந்தத் தையல் மெஷினிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பையன், லண்டனில் கட்டிலுக்கு வலை கட்டத் தெரியாமல் நின்றேன்.

இந்த ஊர்க் கொசுவின் கதை

பிரிட்டனில் 30க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உண்டு. மலேரியாவும் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. எஸ்ஸெக்ஸ், கென்ட் சதுப்பு நிலங்களில் 'ஏக்யூ' என்ற பெயரில் நூற்றாண்டுக் கணக்கில் ஆட்களை வாட்டிய குளிர்காய்ச்சல் மலேரியாதான். சதுப்புகளை வடித்தார்கள், வீடுகள் மாறின, அது ஓய்ந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினரின் ரத்தத்தில் வந்த கிருமி, 1917 வாக்கில் கென்ட் கரையோரத்தில் மறுபடி சிலருக்குப் பரவியது.

லண்டன் பாதாள ரயிலுக்கும் பெயர் பெற்ற ஒரு கொசு உண்டு. 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சுக்குப் பயந்து ஸ்டேஷன்களில் படுத்தவர்களைக் கடித்துப் புகழ் பெற்றது. அது சுரங்கத்துக்குள்ளேயே உருவான தனி வகை என்று வெகுகாலம் சொன்னார்கள். 2025இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு அதை மறுத்தது: ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் மத்தியதரைக் கடல், மத்திய கிழக்குப் பக்கம் தோன்றி, பிறகு இங்கே வந்து சேர்ந்த கொசுவாம் அது. ஆக, அதுவும் நம்மைப்போல குடிபெயர்ந்து வந்ததுதான்!

இன்றைய நிலைமையில் லண்டன் கொசு கடித்தால் அரிப்பும் வீக்கமும்தான். நோய் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நிலைமை அப்படியே நிற்கவில்லை. 2016இல் டெங்கு பரப்பக்கூடிய புலிக்கொசுவின் முட்டைகள் முதன்முறையாகக் கென்ட்டில் கிடைத்தன. 2022 ஜூலை 19 அன்று இந்த நாட்டில் வெயில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. நாட்டிங்ஹாம்ஷயரில் 2023இல் பிடித்த கொசுக்களில் வெஸ்ட் நைல் வைரஸின் தடயம் இருந்ததாக 2025 மே மாதம் அறிவித்தார்கள்.

கொக்கி எங்கே அடிப்பது?

வலையைக் கட்டலாம் என்று முடிவானதும் நான் இன்ஜினியராக மாறினேன். லேசர் டேப், யூடியூப், எக்செல் ஷீட். ஊரில் கான்கிரீட் கூரை. டிரில் போட்டுக் கொக்கி மாட்டினால் ஆளே தொங்கலாம். இங்கே சீலிங் என்பது பெரும்பாலும் வெறும் பிளாஸ்டர் போர்டு. அதில் நேராகக் கொக்கி திருகினால் ஒரே இழுப்பில் கையோடு வரும். மேலே ஓடும் மரச்சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் திருக வேண்டும். சட்டங்கள் பொதுவாக 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஸ்டட் டிடெக்டர் என்று ஒரு சின்னக் கருவி காட்டிக் கொடுக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய வீடுகளில் சீலிங்கில் மேடு பள்ளமாக, சுழி சுழியாகப் பூசியிருப்பார்கள், ஆர்டெக்ஸ் என்பார்கள். 2000க்கு முன் பூசியதென்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அதில் டிரில் போடவே கூடாது. எங்கள் வீட்டில் இருந்தது அதேதான். போதாக்குறைக்கு, சுவரில் ஓட்டை போட்டால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வோம் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி.

ரெண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஆபீஸ் விட்டு வந்தால் வலை கட்டியாகிவிட்டது. தக்காளிச் செடிக்கு ஊன்ற வாங்கி வைத்திருந்த ஆறடி மூங்கில் குச்சிகள் நாலை எடுத்து, கட்டிலின் நாலு காலோடும் கேபிள் டை போட்டு இறுக்கி, மேலே நாடாவைக் கட்டியிருந்தாங்க அம்மா. எங்கும் ஓட்டை இல்லை, செலவும் இல்லை.

"கட்டிலுக்குக் கால் இருக்கறப்ப சீலிங்க எதுக்குப்பா பாத்துட்டு இருந்த?"

கால் இல்லாத டிவான் கட்டில் என்றால் இது நடக்காது. தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்றாக, துணி மாட்டுகிற ஸ்டாண்டை வைத்துக் கட்டலாம். எப்படிக் கட்டினாலும் மூன்று விஷயம். சதுர அங்குலத்துக்குச் சுமார் 156 கண் உள்ள வலையாகப் பாருங்கள். குழந்தைகளுக்குக் கூம்பு வலையைவிடப் பெட்டி வலை நல்லது; உடம்பு வலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் கொசு வெளியே நின்றபடியே கடிக்கும். விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகும் முன், உள்ளே ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தை கைக்கு எட்டும்படி நாடா தொங்கக் கூடாது.

பயந்ததற்குக் காரணம்

இப்போது அந்தக் காரணம். அதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்ட் லீவில் கரூர் போயிருந்தோம். திரும்பி வந்த ஐந்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். இங்கே சுற்றுகிற வைரஸ் ஏதோ என்று நினைத்து, வீட்டில் இருந்த இபுபுரோஃபன் கொடுத்தோம். போனில் ஆலோசனை கேட்டபோது ஊருக்குப் போய் வந்ததைச் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, 'டிராவல்' என்றால் எங்கோ சுற்றுலா போவது. பாட்டி வீட்டுக்குப் போனதையெல்லாம் யாராவது டிராவல் என்பார்களா? ரெண்டு நாள் கழித்து மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர், "சமீபத்தில் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் டெங்கு என்று தெரிந்தது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன அந்த நாலு ராத்திரியை நான் மறக்கவில்லை. பிழைத்து வந்தாள்.

தப்பு எங்களுடையது. ஊரில் இருந்த மூன்று வாரமும் அவளுக்கு வலை கட்டவே இல்லை. வலை தைத்தே பிள்ளையைப் படிக்க வைத்த வீட்டில்! ஏசி ரூம், பிளக்கில் மாட்டுகிற லிக்விட் மெஷின், அது போதும் என்று இருந்தோம். ராத்திரிக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். ஆனால் டெங்கு கொசு ராத்திரிக் கொசு அல்ல. விடிந்த பிறகு சில மணி நேரம், சாயங்காலம் இருட்டும் முன் சில மணி நேரம், அதுதான் அது அதிகம் கடிக்கும் வேளை. லண்டனிலிருந்து போன பிள்ளைக்கோ ஜெட்லாக். ராத்திரி இரண்டு மணி வரை கொட்டக் கொட்ட முழித்திருந்து, காலை பத்து பதினொன்று வரை தூங்குவாள். ஏசியை நிறுத்தி, கதவைத் திறந்து, வாசல் தெளித்து வீடே நடமாடுகிற நேரத்தில், முன் அறைப் பாயில் அவள் மட்டும் அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். கொசுவுக்கு வேறென்ன வேண்டும்?

'டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதனால் வலையால் பயனில்லை' என்று பலர் சொல்வார்கள். பகலில் ஓடியாடுகிறவர்களுக்கு அது சரி. பகலில் தூங்குகிற குழந்தைக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் வலைதான் பாதுகாப்பு. லீவுக்குப் போகிற நம் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கப் பகலில் தூங்குகிறவர்கள்தானே.

வலையின் சக்தியைக் குறைத்து எண்ண வேண்டாம். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ராத்திரி வலை கட்டுவதற்கு அறிவியல் காரணம் அன்று கிடைத்தது. ஆப்பிரிக்காவில் 2000 முதல் 2015 வரை தடுக்கப்பட்ட சுமார் 66 கோடி மலேரியா பாதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருந்து தோய்த்த வலைகளால் தடுக்கப்பட்டவை என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. ஆனால் அடுத்த வருஷமே அங்கே 1,86,000 பேருக்கு டெங்கு. ராத்திரிக் கொசுவை வென்ற நாட்டைப் பகல் கொசு பிடித்துக்கொண்டது.

நமக்கும் இது நேரடியாகப் பொருந்தும். 2024இல் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பயணம் போய்த் திரும்பியவர்களில் 904 பேருக்கு டெங்கு பதிவானது. 2025இன் முதல் ஆறு மாசத்தில் 73 பேருக்குச் சிக்குன்குன்யா; முந்தைய வருஷம் இதே காலத்தில் 27 பேர்தான். பெரும்பாலோர் போய் வந்த இடங்கள் இலங்கை, இந்தியா, மொரிஷியஸ். அதிகம் பேர் லண்டன்வாசிகள். நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கணக்கு சொல்லாது. ஆனால் அந்த நாடுகளுக்கு யார் போய் வருகிறோம் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே, இந்த லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பிள்ளை எந்த நேரத்தில் எங்கே தூங்குகிறதோ, அந்த நேரத்தில் அங்கே வலை இருக்கட்டும். முழித்திருக்கும் பகலில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி. திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் என்றால், டாக்டரிடம் முதல் வாக்கியமே "ஊருக்குப் போய் வந்தோம்" என்பதாக இருக்கட்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை இபுபுரோஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி ஆகிவிடாதீர்கள்; வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனை. நமக்குச் சின்ன வயசில் ஊரில் டெங்கு வந்திருந்தால், இரண்டாம் முறை இன்னும் கடுமையாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாங்க. நீல வலை இங்கேயே இருக்கிறது. குளிர் வந்தும் மகள் அதைக் கழற்ற விடவில்லை. உள்ளே டார்ச் அடித்துப் புத்தகம் படிக்க ஒரு கூடாரம் கிடைத்திருக்கிறது அவளுக்கு. வரும் ஆகஸ்டுக்கு டிக்கெட் போட்டதும் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். வலையை மறுபடி பெட்டியில் வைத்துக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"இங்க இல்லாத வலையா கண்ணு? முன் ரூம்ல நாலு கொக்கியும் அடிச்சாச்சு. பாப்பா எந்நேரம் வேணாலும் தூங்கட்டும்."

(கட்டுரையாளர் லண்டனில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர்.)