நூற்றெட்டில் எஞ்சும் இரண்டு

திவ்ய தேச யாத்திரையில் ஈடுபட்ட பல இல்லங்களில் ஒரு குறிப்பேடு இருப்பதுண்டு. சேவித்த தலத்தின் பெயருக்கு எதிரே ஒரு குறி. செல்லாத தலத்துக்கு எதிரே வெற்றிடம். ஆண்டுகள் செல்லச் செல்லக் குறிகள் பெருகும். ஒரு நாள் முழங்கால்கள் தளர்ந்துவிடும். மலைப்பயணம் இனி வேண்டாம் என்று மருத்துவர் தடுத்துவிடுவார். எண்பது தலங்களைக் கண்குளிரச் சேவித்த முதியவர், சேவித்தவற்றை மறந்து, எஞ்சிய வெற்றிடங்களையே நோக்கி, “குறை வைத்துவிட்டேனே” என்று உருகுவார்.

அவ்வருத்தத்துக்கு மருந்து அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

சோழ நாட்டில் 40, பாண்டிய நாட்டில் 18, மலைநாட்டில் 13, நடுநாட்டில் 2, தொண்டை நாட்டில் 22, நேபாளத்து முக்திநாத்தையும் சேர்த்து வடநாட்டில் 11. கூட்டினால் 106. எஞ்சிய இரண்டு, திருப்பாற்கடலும் பரமபதமும். இவ்வுடலோடு நடந்து சென்று அவற்றைச் சேவித்தவர் எவருமிலர். ஆகவே இளமையும் செல்வமும் உடையவருக்கும் யாத்திரை 106-இல் நின்றே தீரும். எண்பதில் நின்றவரும் நூற்றாறில் நின்றவரும் காத்திருப்பது ஒன்றுக்கே: எம்பெருமான் தானே அழைத்துக்கொள்ளும் அருளுக்கு.

ஆயிரம் என்னும் சொல்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. ஆயினும் அதை எவரும் குறையுடைய மண்டபம் என்பதில்லை. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1,102 பாசுரங்கள் உள்ளன. அதையும் ஆயிரம் என்றே வழங்குவர். சதாபிஷேகம் கண்ட பெரியவரை ஆயிரம் பிறை கண்டவர் என்று உலகம் வணங்குகிறது. மேகம் மூடிய இரவுகளை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. இவ்விடங்களில் எல்லாம் ஆயிரம் என்பது கணக்கன்று. நிறைவைக் குறிக்கும் சொல்.

ஜபமாலையும் இதையே உணர்த்துகிறது. 108 மணிகளை உருட்டி முடித்ததும் மேரு என்னும் மணி குறுக்கே நிற்கும். அதை எண்ணுவதுமில்லை, தாண்டுவதுமில்லை. மாலையைத் திருப்பிக்கொண்டு மீண்டும் தொடங்குவதே முறை. முடிவு என்று கருதிய இடமே தொடக்கமாகிவிடுகிறது.

எண்ணிக்கை எதற்கு?

அப்படியாயின் எண்ணுவதே வீணோ? அன்று. அலையும் மனத்தை ஓரிடத்தில் கட்டி வைக்க எண்ணிக்கை ஒரு கயிறு. இத்தனை வலம், இத்தனை உரு என்று வரையறுத்துக்கொண்டால்தான் சோம்பல் அகன்று வழிபாடு அன்றாடம் நடக்கும். கன்றைக் கட்டக் கயிறு வேண்டும். ஆனால் தாய்ப்பசு தேடி வருவது கயிற்றை அன்று, கன்றையே. உருவின் எண்ணிக்கையை முடிக்கும் விரைவில் நாமத்தை விழுங்கிவிட்டால், மிஞ்சுவது வெறும் கயிறு.

ஆழ்வார்திருநகரியில் இன்றும் உறங்காப்புளி நிற்கிறது. நம்மாழ்வார் அப்புளியமரத்தடியை விட்டு அகலாமல் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்றும், பல தலங்களின் பெருமாள்களும் அங்கேயே எழுந்தருளி அவருக்குக் காட்சி தந்து பாடல் பெற்றனர் என்றும் குருபரம்பரை கூறும். நடந்த தொலைவைக் கொண்டு அளந்தால் ஆழ்வாரின் குறிப்பேடு ஏறக்குறைய வெறுமையே. அவ்விருந்த இடத்துக்கே தெய்வம் நடந்து வந்தது.

பூஜையின் இறுதியில் சொல்லப்படும் வேண்டுதலும் சிந்திக்கத் தக்கது. மந்திரத்திலும் கிரியையிலும் பக்தியிலும் நேர்ந்த குறைகளைப் பொறுத்து, இதைப் பரிபூரணமாக ஏற்றருள வேண்டும் என்றே அங்கு இறைஞ்சுகிறார்கள். விதிப்படி எல்லாம் செய்து முடித்தவரும் இவ்வேண்டுதலை விடுவதில்லை. குறை இருக்கும் என்பதைப் பெரியோர் முதலிலேயே அறிந்திருந்தனர். சங்கல்பம் செய்வது மனிதன் கடமை; அதைப் பூரணமாக்குவது இறைவன் செயல்.

ஆதலால் திண்ணையிலோ கட்டிலிலோ அமர்ந்தபடியே அந்தக் குறிப்பேட்டை மீண்டும் விரிக்கலாம். குறியிட்ட தலங்களை ஒவ்வொன்றாக நினைந்து, கோபுரத்தையும் திருக்குளத்தையும் துளசி மணத்தையும் நெஞ்சில் வரவழைத்துக் கைகூப்பலாம். பேரனுக்கோ பேத்திக்கோ அவற்றின் வரலாற்றைச் சொல்லலாம். எஞ்சிய வெற்றிடங்கள் அப்படியே இருக்கட்டும். அவற்றை நிரப்ப வேண்டியவன் அறிவான்.