வீழ்ந்த வானவர்: கிறிஸ்தவ சமயத்தில் தீமையின் தோற்றம்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 26-ஆம் நாளையொட்டிப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் திருவிழா நடைபெறுகிறது. 1888-இல் எழுந்த பழைய ஆலயம், 2002-இல் எழுந்த பெரிய ஆலயம் ஆகிய இரண்டும் விளங்கும் அவ்விடத்திற்கு மெழுகுவத்தி ஏந்தி வருவோரில் கத்தோலிக்கர் அல்லாதார் தொகை சிறிதன்று. சீனர் வருகின்றனர்; நெற்றியில் திருநீறு அணிந்த தமிழரும் வருகின்றனர்.

இவ்வாறு கத்தோலிக்கக் கோயில்களுக்குச் சென்று பழகிய சைவத் தமிழர்க்கு, அத்தகைய கோயில்கள் பலவற்றில் காணப்படும் ஓர் உருவம் புதியதாகத் தோன்றுவதில்லை. இறக்கை விரித்த இளவீரர் ஒருவர் ஈட்டியோ வாளோ ஏந்தி நிற்பார். அவர் காலடியில் கொம்பு முளைத்த ஒருவன் புரண்டு கிடப்பான். நிற்பவர் மிக்கேல் என்னும் அதிதூதர், கிடப்பவன் சாத்தான். ஈட்டியைக் கண்டதும் வேலும், கிடப்பவனைக் கண்டதும் சூரபன்மனும் நினைவுக்கு வருவது தமிழர்க்கு இயல்பே. "இவர்களுக்கும் ஒரு சூரசங்காரம் உண்டு போலும்" என்று எண்ணித் திரும்புவர்.

அவ்வெண்ணம் பாதி சரி. ஆனால் மறுபாதியில்தான் பொருள் இருக்கிறது. கந்தபுராணத்தின்படி சூரபன்மன் காசிபருக்கும் மாயைக்கும் பிறந்தவன், பிறப்பிலேயே அசுரன். மிக்கேலின் காலடியில் கிடப்பவனோ அப்படிப் பிறந்தவன் அல்லன். அவனும் ஒரு காலத்தில் மிக்கேலைப் போன்ற வானவனே. ஒரே கையால் படைக்கப்பட்டு ஒரே ஒளியில் நின்றவர்களுள் ஒருவன் மேலே நிற்கிறான், ஒருவன் கீழே கிடக்கிறான் என்பதே அவ்வுருவத்தின் செய்தி. அச்செய்தியை ஏன் அத்துணை வற்புறுத்த வேண்டும்? தீமை எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்குக் கிறிஸ்தவ சமயம் கண்ட விடை அதிலேதான் அடங்கியிருக்கிறது.

கடவுள் ஒருவரே; அவர் முற்றும் நல்லவர்; உள்ளவை யாவும் அவர் படைத்தவை. இம்மூன்றையும் ஒருங்கே ஏற்பவர்க்குத் தீமை பெரிய இடர்ப்பாடு. தீமையையும் அவரே படைத்தார் என்றால் அவர் நல்லவர் என்பது பழுதுபடும். அவர் படைக்கவில்லை, அது தானே என்றும் உள்ளது என்றால் அவர் ஒருவரே முதல்வர் என்பது பழுதுபடும். இவ்விரு பக்கமும் சாயாமல் நடப்பதற்கு அச்சமயத்தார் கொண்ட கோலே வீழ்ந்த வானவர் கதை.

பேயும் அசுரனும் அல்ல

கதைக்குள் புகுமுன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவர் இவனைக் குறிக்கப் பிசாசு, பசாசு, பேய், அலகை, சாத்தான் எனப் பல சொற்களை வழங்கி வந்துள்ளனர். தோட்டப்புறத்தில் பேய் என்றால் பொருள் வேறு. தூக்கிட்டுக்கொண்டவரும், பிள்ளைப்பேற்றில் மாண்டவளும், ஆற்றில் போனவரும் ஆசை அடங்காமல் அலைவதே அங்கே பேய். கிறிஸ்தவக் கொள்கையில் இறந்த மனிதர் எவரும் சாத்தானாவதில்லை. சாத்தான் ஒருபோதும் மனிதனாக இருந்தவனும் அல்லன். இருவேறு பொருளும் ஒரே சொல்லில் வந்து தங்கியதால் விளைந்த குழப்பம் இன்றும் தீரவில்லை.

அலகை என்பது பழந்தமிழ்ச் சொல். திருவள்ளுவர் புல்லறிவாண்மை அதிகாரத்தில் அதனை ஆண்டுள்ளார். 1995-இல் வெளிவந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு அச்சொல்லையே தேர்ந்துகொண்டது. சாத்தான் என்பதோ எபிரேய மொழியிலிருந்து வந்தது. எதிராளி, குற்றம் சாட்டுபவன் என்பது அதன் பொருள். மணிமேகலை பாடிய சாத்தனாருக்கும் இவனுக்கும் யாதோர் உறவும் இல்லை. ஓர் எழுத்து நீண்டதனால் அப்பெரும் புலவர் பெயரைக் கேட்டு மாணவர் நகைப்பதுண்டாகையால் இதனைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலாய் மக்கள் வழங்கும் சைத்தான் என்ற சொல் அரபு வழி வந்ததாயினும், எபிரேயச் சொல்லோடு இனமானதே.

ஒரே இடத்தில் இல்லாத கதை

வானவன் ஒருவன் செருக்குற்றுக் கடவுளை எதிர்த்தான், தன் பக்கம் சேர்ந்தவரோடு வீழ்த்தப்பட்டான் என்ற இக்கதை பைபிளின் எந்த ஒரு நூலிலும் தொடர்ச்சியாகச் சொல்லப்படவில்லை. இது கிறிஸ்தவர் பலருக்கே வியப்பளிக்கக்கூடும். பல நூல்களில் சிதறிக் கிடந்த துணுக்குகளைப் பிற்காலத்தார் ஒன்றாக இணைத்தனர்.

யோபு நூலில் வரும் சாத்தான் கடவுளின் அவையிலேயே வந்து நிற்கிறான். அரசவையில் குடிகளின் குற்றங்களைத் துருவி உரைக்கும் அலுவலனைப் போன்றவன் அவன். கடவுளின் இசைவின்றி யோபுவின்மேல் கைவைக்க அவனால் இயலவில்லை. இன்னொரு சான்று இதனினும் கூர்மையானது. தாவீது மன்னன் தன் குடிமக்களைக் கணக்கெடுத்துக் கேடு தேடிக்கொண்ட நிகழ்ச்சி இரு நூல்களில் வருகிறது. பழைய நூலான சாமுவேலில், அவனை அச்செயலுக்குத் தூண்டியது கடவுளின் சினம். பாபிலோன் சிறையிருப்புக்குப் பின்னர் எழுதப்பட்ட நாளாகமத்தில், தூண்டியவன் சாத்தான். நிகழ்ச்சி ஒன்றே, தூண்டியவர் பெயர் மாறியிருக்கிறது. கடவுளே ஒருவனைத் தீமைக்குத் தூண்டுவார் என்று சொல்ல இடைக்காலத்தில் யூதர் உள்ளம் கூசத் தொடங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

லூசிபர் என்ற பெயரின் வரலாறும் சுவையானது. ஏசாயா நூலின் 14-ஆம் அதிகாரம் பாபிலோன் அரசனின் வீழ்ச்சியை இகழ்ந்து பாடுகிறது. விண்மீன்களுக்கு மேல் அரியணை இட எண்ணிய அவனை, வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி என்று அது விளிக்கிறது. நான்காம் நூற்றாண்டின் முடிவில் எரோணிமுஸ் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பில் விடிவெள்ளிக்கு லூசிபர் என்ற சொல் நின்றது. ஒளி கொணர்வது என்பதே அதன் பொருள், பொதுப்பெயர். அந்நூற்றாண்டில் சார்தீனியத் தீவின் காலியாரி நகரில் லூசிபர் என்ற பெயருடைய ஆயர் ஒருவரே இருந்தார். அதனை யாரும் தீப்பெயராகக் கருதவில்லை. பாபிலோன் அரசனைப் பற்றிய பாட்டு மறைபொருளாகச் சாத்தானையே சுட்டுகிறது என்று உரைகாரர்கள் கொண்டதால், அப்பொதுப்பெயர் அவனுக்குரிய சிறப்புப்பெயராயிற்று. தமிழ்ப் பைபிளில் அவ்விடத்தில் விடிவெள்ளி என்றே இருப்பதால், தமிழில் மட்டும் படிப்பவர் லூசிபரை அங்கே காண இயலாது. பைபிளின் கடைசி நூலிலோ இயேசுவே தம்மை விடிவெள்ளி என்று கூறிக்கொள்கிறார்!

எசேக்கியேல் நூலில் தீரு நாட்டு மன்னனைப் பற்றிய புலம்பலும் இவ்வாறே சாத்தானுக்கு ஏற்றியுரைக்கப்பட்டது. ஆதியாகமத்தில் ஏவாளை மயக்கியது பாம்பு மட்டுமே. அது சாத்தான் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. மின்னலைப் போல் சாத்தான் விழக் கண்டதாக இயேசு ஓரிடத்தில் கூறுகிறார். கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில்தான் மிக்கேலும் அவர்தம் தூதரும் பறவைநாகத்தோடு பொருத போர் வருகிறது. அந்நாகமே பழைய பாம்பு, அதுவே சாத்தான் என்று மூன்றும் அங்கே ஒன்றாக்கப்படுகின்றன. அதன் வால் விண்மீன்களில் மூன்றிலொரு பங்கை வாரியது என்ற குறிப்பிலிருந்தே வானவரில் மூன்றிலொரு பங்கினர் வீழ்ந்தனர் என்ற கணக்குப் பிறந்தது. கொம்பும் வாலும் ஓவியர் கைவண்ணம். அவற்றைக் குறித்து ஈண்டு நீட்டிக்க வேண்டுவதில்லை.

இவற்றோடு போட்டியிட்ட வேறொரு கதையும் உண்டு. தேவகுமாரர் மண்ணுலகப் பெண்களை மணந்தனர் என்று ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில் சில வரிகள் உள்ளன. அதனை விரித்தது ஏனோக்கு நூல். இருநூறு வானவர் எர்மோன் மலையில் இறங்கிப் பெண்களைக் கூடினர். வாள் அடிக்கவும், கண்ணுக்கு மை தீட்டவும், மந்திரம் செய்யவும் மனிதர்க்குக் கற்றுக்கொடுத்தனர். அதனால் உலகம் கெட்டது என்பது அதன் கூற்று. எத்தியோப்பியத் திருச்சபை அதனை இன்றும் மறைநூலாகப் போற்றுகிறது. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுவடிகளிலும் அதன் பகுதிகள் இருந்தன. தொடக்ககாலக் கிறிஸ்தவ அறிஞர் சிலர் வானவர் காமத்தால் வீழ்ந்தனர் என்றே நம்பினர். பின்னர் அக்கருத்து ஒதுக்கப்பட்டுச் செருக்கே முதற்பாவம் என்பது நிலைபெற்றது. உடலற்றவர்க்குக் காமம் ஏது என்ற தருக்கம் அதற்குத் துணைநின்றது. முஸ்லிம்களின் திருக்குர்ஆனிலும் இபுலீசின் குற்றம் செருக்கே: மண்ணால் ஆன ஆதாமுக்குத் தீயால் ஆன தான் பணிவதா என்று அவன் மறுத்தான்.

விதையில்லாத களை

கதை இருக்கட்டும், கருத்தை வகுத்தவர் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவில் 354-இல் பிறந்த இவர், இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானி என்ற பாரசீக ஞானியின் சமயத்தைச் சார்ந்திருந்தார். ஒளி, இருள் என இரு முதற்பொருள்கள் என்றும் உள்ளன. உலகம் அவற்றின் போர்க்களம் என்பது மானியின் கொள்கை. தீமைக்கு இது எளிய விடை. கடவுள்மேல் பழி இல்லை. தன் பாவத்துக்குத் தன் உள்ளிருக்கும் இருளே காரணம் என்பதால் மனிதன்மேலும் பழி இல்லை. அந்த எளிமையே அகுஸ்தீனை உறுத்திற்று.

அவர் கண்ட விடை, தீமை ஒரு பொருளே அன்று என்பது. புண் என்று ஒரு பொருள் உடலுக்கு வெளியே இல்லை. உடலின் நலக்குறைவே புண். புண் ஆறினால் அது வேறிடம் போய்த் தங்குவதில்லை, இல்லாமலே போகிறது. அவ்வாறே நன்மையின் குறைவே தீமை. சாத்தானும் இயற்கையால் நல்லவனே. அவன் இருப்பும் அறிவும் ஆற்றலும் நல்லவையே. மேலான நன்மையை விட்டுத் தன்னையே நோக்கித் திரும்பிய அவன் விருப்பம் ஒன்றே தீயது. அத்திருப்பத்திற்குக் காரணம் யாது என்று கேட்போர்க்கு, 413 முதல் 426 வரை எழுதிய 'கடவுளின் நகரம்' என்ற நூலில் அவர் தரும் மறுமொழி புகழ்பெற்றது: அதன் காரணத்தைத் தேடுவது இருளைக் கண்ணால் பார்க்கவும் அமைதியைக் காதால் கேட்கவும் முயல்வதை ஒக்கும்.

இம்மறுமொழி எல்லார்க்கும் நிறைவளிக்காது. குறையே இல்லாத ஒளியில் நின்றவனுக்குத் திரும்ப வேண்டும் என்று எப்படித் தோன்றிற்று? களைக்கு விதை இல்லை என்று சொல்லிவிட்டால் வயலில் களை இருப்பது பொய்யாகிவிடுமா? அகுஸ்தீன் முடிச்சை அவிழ்த்தார் என்பதைவிட, முடிச்சு இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டினார் என்பதே பொருந்தும். எனினும் திருச்சபை அவர் வழியையே பின்பற்றியது. தென் பிரான்சில் இருமுதற்கொள்கை மீண்டும் தலையெடுத்தபோது, 1215-இல் உரோமையில் கூடிய நான்காம் இலாத்தரான் சங்கம், சாத்தானும் பிற பேய்களும் கடவுளால் நல்லவர்களாகவே படைக்கப்பட்டனர். தம்மாலேயே தீயவராயினர் என்று அறுதியிட்டது.

சைவ சித்தாந்தம் பயின்ற தமிழர்க்கு இங்கே ஓர் ஒப்புமையும் ஒரு வேற்றுமையும் உடனே புலப்படும். செருக்கே முதற்குற்றம் என்றால், ஆணவமே மூலமலம் என்பது போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் சித்தாந்தத்தில் ஆணவம் தொடக்கமற்றது. செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல உயிரை என்றும் பற்றியிருப்பது. பதியைப் போலவே பாசமும் அநாதி. ஆகவே அது எப்போது வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. கிறிஸ்தவத்தில் தீமைக்குத் தொடக்கம் உண்டு. யாரும் தீயவராக இல்லாத ஒரு நிலை முன்னே இருந்தது. முன்னதில் இறைவன் மலநோயைத் தீர்க்கும் மருத்துவன். பின்னதில் அவர் தம் வீட்டை விட்டுப் போனவர்களைக் காண்பவர்.

போனவர் திரும்புவரா? தமிழர் கதைகளில் திரும்புகின்றனர். சூரபன்மன் வேலால் பிளவுபட்டு மயிலும் சேவலுமாகி முருகனையே சேர்கிறான். வைகுந்த வாயிலோர் ஆகிய சயவிசயர், முனிவரைத் தடுத்த செருக்கால் சாபமேற்று இரணியனாகவும் இராவணனாகவும் பிறந்தும், மூன்று பிறவி கழித்துத் திருமாலிடமே மீள்கின்றனர். வானிலிருந்து வீழ்ந்தவர் என்ற அளவில் இவர்களே சாத்தானுக்கு மிக நெருங்கியவர். கிறிஸ்தவருள்ளும் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா ஒரிகன், முடிவில் எல்லா உயிரும் கடவுளிடம் மீளும் என்று கருதினார். சாத்தானும் மீள்வான் என்று பொருள்படும் அக்கருத்தை ஆறாம் நூற்றாண்டில் திருச்சபை கண்டித்தது. தோமா அக்குவினாசு அதற்குத் தந்த விளக்கம் இது: மனிதன் சிறிது சிறிதாக அறிபவன், ஆகையால் பின்னர் மனம் மாறுகிறான், வானவனோ ஒரே நோக்கில் முழுவதும் அறிபவன், அவன் தெரிவு செய்தபின் புதிதாக அறிந்து மாறுவதற்கு ஒன்றும் இல்லை. தருக்கம் வலிவுடையதே. ஆயினும் மயிலேறி வரும் பெருமானை வணங்கிப் பழகிய நெஞ்சுக்கு ஒரிகன் பக்கமே சாய்வு உண்டாகும்.

மனிதனுக்கு மட்டும் திரும்ப வழி உண்டு என்பதால், குற்றத்தைச் சாத்தான் தலையில் கட்டவும் அவனுக்கு இடமில்லை. கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்தவன், சாத்தான் ஆட்டிவைத்தான் என்று மனைவியிடம் சொல்லலாம். அவன் சமயம் அதனை ஏற்பதில்லை. ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான், ஏவாள் பாம்பைக் கைகாட்டினாள். தண்டனை மூவருக்கும் விழுந்தது. திருமுழுக்கில் தண்ணீர் ஊற்றுமுன் சாத்தானைக் கைவிடுகிறாயா என்று குரு கேட்பது இதனாலேயே. குழந்தையாயின் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் விடை சொல்வர். உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவில் கோயில் நிறைந்த மக்கள் அனைவரும், எரியும் மெழுகுவத்தியுடன் எழுந்து நின்று, அதே கேள்விக்கு மறுபடியும் தத்தம் வாயால் விடை கூறுகின்றனர்.