கல்லை நம்பி நிற்கும் டிராக்டர்கள்

விஜயநகரில் வீடு கட்டுமிடங்களுக்கு டேங்கரில் தண்ணீர் கொண்டுவரும் டிராக்டர்களைப் பார்க்காத அன்பர்கள் நம் சங்கத்தில் இருக்க முடியாது. ஓட்டுநர் சரிவில் வண்டியை நிறுத்துவார், குதித்து இறங்குவார், கிடைத்த கருங்கல்லைச் சக்கரத்தின் அடியில் காலால் தள்ளுவார். வேலை முடிந்ததும் வண்டி போய்விடும். கல் நடுத்தெருவில் கிடக்கும். இரவில் ஸ்கூட்டரில் வருகிறவர் பாடு அதோகதி.

முப்பது ஆண்டுகள் டிராக்டர் பட்டறையில் இருந்தவன் ஆதலால் வாய் சும்மா இருப்பதில்லை. "பார்க்கிங் பிரேக் இல்லையா?" என்று கேட்பேன். "இதெ சார், ஹிடியல்ல" என்று பதில் வரும். இருக்கிறதாம், பிடிப்பதில்லையாம்! 4000 லிட்டர் தண்ணீர் என்றாலே 4 டன். முன்னால் நிற்கும் பழைய மாஸி பெர்குசன் 35 ஏறக்குறைய ஒன்றரை டன்தான். டேங்கர் நகர்ந்தால் டிராக்டரையும் இழுத்துக்கொண்டுதான் போகும். தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

சேலம், தருமபுரி பக்கம் நிலம் வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் வீட்டிலும் அப்பா காலத்து மாஸி கொட்டகையில் நிற்கிறது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியாக நம் ஊர்களில் பரவிய குடும்பம் அது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த வண்டியில் காரில் உள்ளதுபோல் தனிக் கை பிரேக் கிடையாது. வலப்பக்கம் இரண்டு பிரேக் மிதிகள். ஒன்று இடச் சக்கரத்துக்கு, மற்றது வலச் சக்கரத்துக்கு. உழும்போது திருப்பத்தில் ஒன்றை மட்டும் மிதிக்கலாம். நிறுத்தும்போது இரண்டையும் இணைப்புத் தாழால் சேர்த்து, அழுத்தி மிதித்து, கொக்கியைத் தூக்கிப் பல் தகட்டில் மாட்ட வேண்டும். அதுதான் பார்க்கிங் பிரேக். விடுவிக்க, மிதியை மறுபடி அழுத்தினால் கொக்கி கழன்று விழும்.

தாழைப் போடாமல் ஒரு மிதியை மட்டும் பூட்டுகிறவர்கள் உண்டு. ஒரு சக்கரம் நிற்கும். டிஃபரன்ஷியல் இருப்பதால் மற்றது தாராளமாக உருளும். சரிவில் வண்டி நின்ற சக்கரத்தைச் சுற்றித் திரும்பிவிடும்.

"கியரில் போட்டு நிறுத்தினால் போதாதா?" என்பார்கள். என்ஜின் நின்றிருந்தால் ஓரளவு போதும். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஆனால் ரிங் தேய்ந்த பழைய என்ஜினில் அழுத்தம் மெல்லக் கசியும். வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். தண்ணீர் பம்போ கதிரடிக்கும் இயந்திரமோ பி.டி.ஓ.வில் ஓடும்போது கியர் நியூட்ரலில்தான் இருக்கும். அப்போது பிரேக்கையும் முட்டுக்கட்டையையும் விட்டால் கதி இல்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்றதும் எல்லோரும் கொக்கியைத்தான் பழிப்பார்கள். பல் மழுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் வைத்துப் பல் கட்டும் வித்தையை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த மாடலுக்குரிய கொக்கியும் தகடும் சேர்ந்த செட் வாங்கி மாட்டுவதே நல்லது. ஆனால் என் அனுபவத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி பின் அச்சின் ஆயில் சீல்தான். எண்ணெய் கசிந்து டிரம்முக்குள் போய் லைனிங் ஊறிவிடும். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வீண் வேலை. சீலை மாற்றிவிட்டுப் புது லைனிங் போட வேண்டும்.

மிதி பலகையைத் தொட்ட பிறகும் பிடிக்கவில்லையானால் ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் கியர் எதையும் பிடித்து நிறுத்தாது. தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். பிரேக்கையும் விட்டிருப்போம். ஆகவே சமதளத்தில், முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, அச்சின் அடியிலும் கட்டை அடுக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். துளை வழியே ஸ்குரூடிரைவரால் பல்சக்கரத்தைச் சக்கரம் இறுகும்வரை திருப்பி, பிறகு தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். மறுபக்கமும் அப்படியே. வெற்று நிலத்தில் மெதுவாக ஓட்டி, இரு மிதிகளையும் சேர்த்து மிதியுங்கள். இரண்டு டயர்த் தடமும் ஒரே அளவு இழுபட வேண்டும். ஒரு பக்கம் திரும்பினால் கம்பிகளின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும்.

பிறகு பூட்டிவிட்டு, மேல் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். என்ஜின் திணறி நின்றால் பிரேக் தேறியது. அப்போதும் டிரெய்லர் மாட்டியிருந்தால் அதற்கு முட்டுக்கட்டை வேண்டும். நம் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது.

மழைக்காலம் முழுதும் கொட்டகையில் நிற்கப்போகும் வண்டிக்கு மட்டும் பிரேக்கைப் பூட்டி வைக்காதீர்கள். ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பொங்கலுக்கு ஊர் போய் எடுக்கும்போது சக்கரம் அசையாது. அதற்குக் கட்டை வைத்தாலே போதும்.