நான்கிதழ் வால்வும் ஒலியலைச் சோதனையும்

விடியலில் பால் வெட்டச் செல்பவர் சில மரங்கள் வெட்டியதுமே மூச்சு வாங்கி நின்றால், "வயதாகிவிட்டது" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு எப்பொழுதும் சரியன்று. இருதய வால்வில் பிறவியிலேயே அமைந்த குறையும் அதற்குக் காரணமாகலாம்.

இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடித்து இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் செலுத்துகிறது. அக்குழாயின் வாயிலில் உள்ள வால்வு, வெளியேறிய இரத்தம் திரும்பிவிடாமல் தடுக்கும் கதவாகும். அதற்கு மூன்று இதழ்கள் இருத்தல் இயல்பு. நூற்றில் ஓரிருவருக்கு இரண்டே இதழ்கள் உள்ளன. நான்கு இதழ்களோடு பிறப்போர் மிக மிக அரியர்.

கதவு கூடினால் காவலும் கூடுமன்றோ எனலாம். அவ்வாறன்று. நான்கு இதழ்களும் ஒன்றோடொன்று செவ்வனே பொருந்தாவிடின், நடுவே இடைவெளி ஏற்பட்டு இரத்தம் பின்னோக்கிக் கசியும். கசிந்ததையும் சேர்த்து மீண்டும் இறைக்க வேண்டியிருப்பதால், இருதயம் ஆண்டுக்கணக்கில் மிகை உழைப்பு உழைத்துப் பெருத்துத் தளர்கிறது. இளமையில் தொல்லை தெரியாது. பலருக்கு நாற்பது வயதுக்கு மேலேயே வெளிப்படும்.

முற்காலத்தில் இக்குறை பிரேதப் பரிசோதனையிலோ அறுவை மேசையிலோதான் தெரியவந்தது. 1953ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸும், உலோகத்தில் உள்ள பழுதைக் கண்டறியும் ஒலியலைக் கருவியை மனித இருதயத்தின்பால் திருப்பினர். செவிக்கெட்டாத ஒலி உள்ளே சென்று எதிரொலித்துத் திரும்பும். வௌவால் இருளில் வழியறிவதும் இம்முறையிலேயே. இன்று அவ்வெதிரொலி திரையில் அசையும் படமாகிறது. மூடிய வால்வில் மூன்று இதழ்களாயின் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடும். நான்காயின் கூட்டல் குறி தோன்றும்.

சோதனைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. கத்தியில்லை, ஊசியில்லை, எக்ஸ்ரே கதிருமில்லை. இடப்புறம் சாய்ந்து படுத்தால், நெஞ்சில் பசை தடவிச் சிறு கருவியை வைத்துப் பார்ப்பர். படம் தெளிவுறாவிடின், உணவுக்குழாய் வழியே கருவியைச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கையில் வேண்டாத இரைச்சல் தென்பட்டால், இச்சோதனைக்குக் கடிதம் தந்து அனுப்புவார். செபராங் பிறைத் தோட்டத்தார் பாலத்தையோ பெரிப் படகையோ கடந்து, ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்குப் பொது மருத்துவமனையை அடையலாம்.

குறை கண்டவர் அனைவருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. கசிவு சிறிதாயின் குறித்த காலத்தில் சோதித்து வந்தாலே போதும். பெரிதாயின் வால்வைச் செப்பனிடவோ மாற்றவோ இயலும். ஆனால் இருதயம் தளர்ந்த பின் வருவோருக்குப் பயன் குறையும். ஆதலின் மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாதிருத்தல் ஆகாது. நெஞ்சுவலி கடுமையாயின் அக்கணமே 999ஐ அழைக்க வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுவோம்.