லொறியின் பூட்டும் டிபரன்சலுக்கு ஏற்ற எண்ணெய்

உராய்வைக் குறைப்பதே எண்ணெயின் தொழில் என்பது யாவரும் அறிந்ததொன்று. ஆயின், ஓரிடத்தில் உராய்வை ஒழித்து, அதன் அருகிலேயே உராய்வைக் காக்கவேண்டிய நிலை லொறியின் பின்னச்சில் உண்டு. அதுவே பூட்டும் டிபரன்சல். அதற்கு எண்ணெய் தெரிவோர் இதனை மறப்பின், பெருவிலை கொடுத்து வாங்கிய எண்ணெயே அப்பூட்டினைச் செயலற்றதாக்கிவிடும்.

வளைவிலே செல்லும் லொறியின் வெளிச்சில்லு உட்சில்லினும் கூடிய தூரம் ஓடவேண்டும். இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடங்கொடுப்பது டிபரன்சல். சாதாரண டிபரன்சல் இருபுறமும் சமமான முறுக்குவிசையையே வழங்கும். ஆதலின் ஒரு சில்லு சேற்றில் வழுக்கிச் சுழலுமாயின், உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றைச் சில்லும் வலியிழந்துவிடும். இக்குறையை நீக்குமாறு, வேண்டியபோது இரண்டையும் ஒருங்கே பிணைப்பது பூட்டும் டிபரன்சலாகும்.

பின்னச்சில் எண்ணெயின் முதற் கடமை பற்களைக் காத்தல். இங்குள்ள ஹைப்பொயிட் அமைப்பிலே பினியனின் அச்சு கிரவுண் சில்லின் மையத்திலிருந்து விலகியிருக்கும். அதனாற் பற்கள் பேரழுத்தத்தின்கீழ் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லும். அவ்வழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் நில்லாது. எண்ணெயிற் சேர்க்கப்படும் கந்தக, பொசுபரசுச் சேர்வைகள் வெப்பத்தால் உருக்குடன் தாக்கமுற்றுக் காப்புப் படலமொன்றை உண்டாக்குகின்றன. இத்தகைய எண்ணெயையே ஜீ.எல்.-5 என்னுந் தரக்குறியீடு சுட்டும்.

அடுத்தது பிசுக்குமை, அதாவது எண்ணெயின் தடிப்பு. 75டபிள்யூ-90 என்பதில் முன்னைய எண் குளிரில் எண்ணெய் எத்துணை நெகிழ்ந்திருக்கும் என்பதைக் காட்டும். பின்னைய எண் 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பைக் குறிக்கும். 90 என்பது 13.5 முதல் 18.5 சென்ரிஸ்ரோக்சு வரையாம். எஞ்சின் எண்ணெயின் எண்கள் வேறோர் அளவையைச் சார்ந்தவை. 90 எனப்படும் கியர் எண்ணெய் எஞ்சினுக்குரிய 40 அல்லது 50 எண்ணெயின் தடிப்பையே ஒத்தது. எனவே எண் பெரிதென்று எண்ணெயும் தடிப்பென மயங்கலாகாது.

இனி, பூட்டின் வகையை நோக்குதல் வேண்டும். காற்றாலோ மின்னாலோ இயங்கிப் பற்களைக் கோத்துப் பூட்டும் வகைக்கு உராய்வு தேவையில்லை. தக்க தடிப்புள்ள ஜீ.எல்.-5 எண்ணெயே போதும். பூட்டாது வழுக்கலை மட்டும் கட்டுப்படுத்தும் தட்டுவகை வேறு. திரும்பும்போது அதன் தட்டுகள் பற்றியும் விட்டும் அதிர்வதைத் தடுக்க, உராய்வைத் தணிக்கும் சேர்க்கையொன்று எண்ணெயிற் கலக்கப்படும்.

ஜெனரல் மோட்டர்ஸ் லொறிகளில் 1973 முதல் வந்த ஈற்றன் பூட்டோ தட்டுகளைக் கொண்டதாயினும் நேர்மாறான தேவையுடையது. இரு சில்லுகளின் வேகமும் நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 சுற்றுகள் வேறுபடின், அதனுள்ளிருக்கும் சிறு எடைகள் வெளியே விரிந்து கொளுவியிற் சிக்கும். உடனே சரிவுத்தட்டு உராய்வுத் தட்டுகளை நெருக்கிப் பூட்டிவிடும். தட்டுகளின் பிடிப்பே இங்கு பூட்டின் உயிர். அச்சேர்க்கையை இதில் இட்டால் பிடிப்புத் தளரும். சேற்றிலே பூட்டு விழாமற் போகும். ஒன்றிற்கு மருந்தாவது மற்றதற்குக் கேடாகின்றது.

மேலும், வழுக்கல் கட்டுப்படுத்தும் டிபரன்சலுக்கெனக் கடையில் விற்கப்படும் எண்ணெய்கள் பலவற்றில் அச்சேர்க்கை முன்னரே கலந்துள்ளது. ஆதலின் போத்தலின் முகப்பை மட்டுமன்றிப் பின்புறத்தையும் வாசித்தல் நன்று.

ஆகவே, முதலிற் பூட்டின் வகையைக் கைந்நூலிலிருந்தோ வண்டியின் குறியீட்டிலிருந்தோ அறிக. ஜீ 80 என்பது மேற்கூறிய பூட்டைக் குறிக்கும். பின்னர்த் தரத்தையும், அதன்பின் தடிப்பையும், இறுதியிற் சேர்க்கையையும் தீர்மானிக்க. விலை இவற்றுக்குப் பின்னரே எண்ணத்தக்கது. சுமையேற்றிய லொறி சேற்றிற் புதைந்தபின் எண்ணெயை ஆராய்வதிற் பயனில்லை.